செம்பின் தடயம் இல்லை

இந்த நாற்காலியில் ஒரு கால் குட்டை, ஐயா. நான் ஆடுவதைப் பார்த்து நடுங்குகிறேன் என்று எழுதிவிட வேண்டாம். ஸ்டேஷன் ரைட்டர் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும், நான் தமிழில் சொல்கிறேன். எந்தப் பாஷையில் எழுதுவது, எந்தப் பாஷையில் சொல்வது என்று இரண்டு வருஷமாக வெளியே மண்டைகள் உடைந்துகொண்டிருந்தன. இந்த அறைக்குள் அது அரை நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

என் பெயர் சுந்தரதாஸ். ஊர் இஞ்சிவிளை. வயது நாற்பத்தொன்று. பாறசாலைப் பக்கத்தில் ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் இரசாயனம் கற்பிக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகத் தவறியதில்லை. என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. காலை பஸ்ஸில் நானாகவே நெய்யாற்றின்கரைக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் இரசாயனம் தெரிந்தாக வேண்டும். கஷ்டமாக இருக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே புரிய வைத்திருக்கிறேன்.

அசெட்டனிலைடு என்று ஒரு வெள்ளைப் பொடி உண்டு. சுரத்தை இறக்கும். அமைடு என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதைச் செய்வதற்குப் பழைய வழி, அனிலின் என்ற எண்ணெயை வினிகரில் இருக்கிற அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சுவது. சோறு வடிக்கத் தெரிந்தவன் இதையும் செய்துவிடலாம். ஆனால் அனிலின் விஷம். சொட்டு மீந்துபோனாலும் பொடி உடம்புக்கு ஆகாது. பொடியை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, பளிங்கை வடிகட்டி, மறுபடியும் கரைத்து, மறுபடியும் ஆறவைத்து, நாலைந்து நாள் பொறுமையாக இருக்க வேண்டும்.

என் வழியில் அனிலினே கிடையாது. ஆறு கரி அணுக்கள் கைகோத்த வளையம் ஒன்று. அதில் புரோமின் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் அசெட்டமைடு என்ற உப்பு மாதிரியான சரக்கு. இரண்டையும் ஒரே குடுவையில் போட்டாலும் ஒன்றோடொன்று முகம் கொடுக்காது. நடுவில் செம்புத் தூளைப் போட்டுச் சூடாக்கினால் புரோமின் விலகிக்கொள்ளும், வளையமும் அமைடும் சேர்ந்துகொள்ளும். செம்பு, முடிவில் செம்பாகவே மிஞ்சும். கல்யாணத் தரகர் இருவரையும் சேர்த்துவைத்துவிட்டுத் தன் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுகிற மாதிரி. இதற்குக் கிரியா ஊக்கி என்று பெயர். ஜெர்மன்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்பே இதைச் செய்தார்கள், ஆனால் அவர்களுக்குச் சூடும் கூடுதல், நேரமும் கூடுதல். செம்பைப் பக்குவப்படுத்துவதில் நான் ஒரு நுணுக்கம் கண்டேன். அன்றைக்கு நூறு பங்கு கிடைக்க வேண்டிய இடத்தில் எண்பத்தொரு பங்கு கிடைத்தது. அப்போது நான் வடக்கே ஒரு நகரத்தில் ஆராய்ச்சி மாணவன்.

என் பேராசிரியர் நல்ல மனிதர். தட்டிக் கொடுத்துவிட்டு, "இன்னும் இரண்டு முறை செய்து காட்டு" என்றார். அடுத்த முறை ஒன்பது பங்கு வந்தது. அதற்கடுத்த முறை பதினொன்று. பிறகு எத்தனை முறை செய்தாலும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. பட்டம் இல்லாமல் ஊருக்குத் திரும்பினேன். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்று யோசித்துப் பாருங்கள். செத்துப்போன லாசருவை மூன்று முறை எழுப்பிக் காட்டும்படி பெத்தானியாவில் யாரும் ஆண்டவரிடம் கேட்கவில்லை. நடந்தது ஒரு முறை நடந்தாலும் நடந்ததுதானே.

பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூடம் என்று ஓர் ஓலைக் கொட்டகையும், தாசையன் என்று ஓர் அட்டெண்டரும் இருந்தார்கள். தாசையனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பதினெட்டு வருஷமாகக் குப்பி கழுவியவன். தராசில் அவன் கண் என் கண்ணைவிடச் சரி. மாலையில் வகுப்பு முடிந்த பின் நான் செம்பு முறையைச் செய்து பார்ப்பேன், அவன் எடை பார்த்துத் தன்னுடைய நோட்டில் எழுதுவான். ஏழு, பத்து, ஒன்பது, பதினொன்று. பத்து வருஷம் இப்படிப் போயிற்று. கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவனுக்குப் பத்து வருஷம் போவது தெரியாது.

பிறகு எல்லைப் போராட்டம் வந்தது. உங்களுக்குத் தெரியாததா. நெய்யாற்றின்கரை தாலுகாவின் தமிழ் ஊர்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி, ஒரு பிடி மண்ணும் தர முடியாது என்று இன்னொரு கட்சி. சந்தையில் கிழங்கு விற்கிறவள் எந்தப் பாஷையில் விலை சொல்கிறாள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் கிழங்கு வாங்கினார்கள். அவளோ வாங்க வருகிறவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னாள். நான் இரண்டிலும் தலையிடவில்லை. வளையங்களுக்குத் தாய்மொழி கிடையாது.

இந்த வருஷம் கர்க்கடக மாத மழையில் ஊரெங்கும் சுரம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை பாலையன் என் வீட்டுக்கு வந்தான். சந்திப்பில் சாயாக்கடை வைத்திருப்பவன், போராட்டக் கமிட்டியின் செயலாளர். குடையை மடக்காமலே பேசினான்.

"சாரே, நம்ம ஆளுக நாப்பது பேரு பனச்சமூட்டுல சுரத்துல கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா வாசல்லயே போலீசு புடிச்சிட்டுப் போவும். சாருக்க கையில வல்ல மருந்தும் உண்டா?"

"ஒரு பொடி உண்டு. என்னுடைய சொந்த முறை" என்றேன்.

"சொந்தமா? அப்போ மலையாளத்தானுக்க மருந்து இல்ல. தமிழனுக்க மருந்தாக்கும். தாலுகா மட்டும் நம்ம பக்கம் வரட்டும் சாரே, இங்ஙன ஒரு காலேஜ் வரும். அதுல சாருதான் பெரிய சாரு. ஐநூறு பொட்டலம் வேணும்."

ஒரு மனிதன் பத்து வருஷம் காத்திருந்தால் காதில் விழுவதெல்லாம் அழைப்பாகத்தான் விழும். சரி என்றேன்.

ஐநூறு பொட்டலத்துக்குச் செம்பு முறை போதாது. இரண்டு வாரம் இரவு பகல் பாராமல் செய்தும் முப்பது பொட்டலம்தான் தேறியது. மிச்சத்தை மட்டும் பழைய முறையில் செய்தேன். பாலராமபுரத்தில் சாயச் சரக்கு விற்கிற கடையில் அனிலின் கிடைத்தது. இதை மோசடி என்று சொல்ல முடியாது. பொருள் ஒன்றுதான். எந்த வழியாக வந்தாலும் அசெட்டனிலைடு அசெட்டனிலைடுதான். கரைத்துப் பளிங்காக்கி மறுபடி கரைக்க அவகாசம் இல்லை. பாலையன் தினமும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு முறை கழுவினேன். கொஞ்சம் தவிட்டு நிறம் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தேன். என் நோட்டில் மொத்தத்தையும் செம்பு முறை என்று எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது எண்பத்துநாலு சதவீதம் வந்தது. எண்பத்தொன்றைவிடக் கூடுதல். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கல்கத்தாவில் இருக்கும் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினேன். மனிதர்களிடம் பயன்படுத்தியதில் நல்ல பலன் என்ற ஒரு வரியையும் சேர்த்தேன். ஆசிரியர் ஆர்வத்தோடு பதில் எழுதினார். இன்னும் விவரங்கள் இருந்தால் அனுப்பவும் என்றார்.

விவரங்கள் வரத் தொடங்கின. புஷ்பபாய் கொண்டுவந்தாள். எங்கள் திருச்சபையின் சிறிய மருந்துச்சாலையில் அவள்தான் நர்ஸ். பனச்சமூட்டில் போராட்டக்காரர்கள் ஒளிந்திருந்த முகாமுக்குப் போய் ரகசியமாகக் கட்டுப்போட்டுவிட்டு வருவாள்.

"சாரே, சாருக்க பொடி தின்னவங்களுக்கு உதடும் நகமும் நீலமாட்டு வருது. மூச்சு வாங்குது. வெரல்ல குத்திப் பாத்தேன். ரத்தம் செவப்பா இல்ல, கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கு. இதுல என்னதான் சேத்திருக்கிய?"

"செம்பு" என்றேன்.

"செம்பு வயித்துக்குள்ள போனா வாந்தில்லா வரும்? இது செம்பு செய்யுத வேலை இல்ல. பொடிய நிறுத்தணும் சாரே."

கெட்டிக்காரப் பெண். அவள் சொன்னவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. அனிலின் ரத்தத்தை அப்படித்தான் கெடுக்கும். புத்தகத்தில் இருக்கிறது, வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பொடியை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அனிலின் என்று சொல்ல வேண்டிவரும். செம்பு முறையில் அனிலின் எங்கிருந்து வந்தது என்பார்கள். ஒரு நல்ல முறைக்கு, அதோடு சம்பந்தமே இல்லாத காரணத்தால் கெட்ட பெயர் வந்துவிடும். அது நியாயமா? மழையில் நனைந்தவர்களுக்கு உதடு நீலமாவது சகஜம் என்று அவளிடம் சொன்னேன். கம்பளி கொடுக்கச் சொன்னேன். கம்பளி நானே இரண்டு கொடுத்தனுப்பினேன்.

அன்று இரவே எலியா இறந்தான். பனையேறி, மெலிந்த உடம்பு, நாலு பொட்டலம், நாலும் அவள் வந்து சொல்வதற்கு முன்பே தின்றது. நாலு நாள் கழித்துச் சுயம்பு. வலுவான ஆள், ஆறு பொட்டலம். அதன்பின் முகாமில் கஞ்சி காய்ச்ச வந்த விமலகுமாரி. இருபத்தாறு வயது, மூன்றே பொட்டலம். உடம்பின் எடைக்கும் பொடியின் அளவுக்கும் உள்ள தொடர்பு இதில் தெளிவாகத் தெரிவதால் குறித்துவைத்திருக்கிறேன்.

நான் என்ன விளக்கம் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. எலியாவின் நீலம் பாரித்த முகத்தைப் பார்த்ததும் பாலையனின் கமிட்டி, இது போலீஸ் லத்தி அடியின் ரத்தக்கட்டு என்று அறிவித்தது. எலியாவை எந்தப் போலீசும் தொட்டதில்லை. முகாமுக்கு அவன் போனதே பாய் விற்க. மூன்று சவங்களும் கொடி போர்த்தி ஊர்வலமாகப் போயின. மறுபக்கத்தார் கூட்டம் போட்டு, போராட்டக்காரர்களே தங்கள் ஆட்களுக்கு விஷம் கொடுத்துத் தியாகி ஆக்குகிறார்கள் என்று பேசினார்கள். அவர்கள் சொன்னதில் விஷம் என்ற ஒரு சொல் சரி. ஆனால் அதை அவர்களே நம்பவில்லை, மறுநாள் பேச்சில் லத்தி அடிதான், ஆனால் தேவையான லத்தி அடி என்று மாற்றிக்கொண்டார்கள். நூறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிஷம் பேசினேன். சிலர் அழுதார்கள். இறங்கி வந்ததும் பாலையன் இன்னும் இருநூறு பொட்டலம் கேட்டான். கொடுத்தேன்.

இனி தாசையனைப் பற்றி. இதுதான் நீங்கள் கேட்கக் காத்திருக்கிற இடம் என்று தெரியும்.

சிங்ஙம் மாதம் மூன்றாவது வாரம், தமிழுக்கு ஆவணி. பள்ளிக்கூடம் விட்டபின் தாசையன் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெரிய குப்பியைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சாரே, இந்தக் குப்பியில அனிலின் நாத்தம் அடிக்குது. செம்பு வேலைக்கு எதுக்கு அனிலின்?"

"கொஞ்சம் சேர்த்தேன். அளவு போதவில்லை."

"மூணு சனம் செத்துப்போச்சு சாரே. புஷ்பபாய் அக்காகிட்ட நான் சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது. சாரும் கூட வந்தா நல்லது. தெரியாமச் செஞ்சதுண்ணு சொல்லிரலாம்."

நியாயமான பேச்சு. நான் கோபப்படவில்லை. இரண்டு நாள் பொறு, நானே சொல்கிறேன் என்றேன். அவனும் தலையாட்டினான். அதோடு விட்டிருந்தால் ஒருவேளை நானும் போய்ச் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் தன் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டினான். நாலு வருஷத்துக்கு முந்தைய பக்கம். அதில் எழுபத்தொன்பது என்று இருந்தது. எனக்கே மறந்துபோன நாள். பக்கத்தில் அவன் கையெழுத்தில், ஈரம் காயவில்லை என்று இருந்தது. அடுத்த வரியில், மறுநாள் வெயிலில் காயவைத்த பின் பத்து.

"ஒரு விஷயம் கேட்டா கோவிக்கப்பிடாது. பத்து வருஷமா மனசுல கெடக்குது" என்றான். "வடக்க வச்சு சாரு எடுத்த அந்த எண்பத்தொண்ணு, அதும் ஈரத்தோட நிறுத்ததுதானா?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. முகத்தில் இரக்கம் இருந்தது. என் தகப்பனார் இறந்தபோதுகூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

தராசை மூடி வைத்தேன். வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தேன்.

மறுநாள் தாசையன் வேலைக்கு வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் வந்த சுரம் அவனுக்கும் வந்திருந்தது. இது என் செயல் அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் நேசம்தான் இருந்தாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவன் சுர மயக்கத்தில் கண் மூடிக் கிடந்தான். குப்பியின் அடியில் தங்கியிருந்த பொடியை ஆறு பொட்டலமாக மடித்து எடுத்துப் போயிருந்தேன். அது தவிட்டு நிறம்கூட இல்லை, நல்ல பழுப்பு. கையில் எண்ணெய் ஒட்டியது.

"இது நல்லாக் கழுவின பொடி. கஞ்சித் தண்ணியில் கலந்து கொடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று" என்றேன்.

"சாரு இந்த வெயில்ல இவ்வளவு தூரம் நடந்து வரணுமா? ஆள்விட்டா நான் வந்திருப்பேனே" என்றாள். எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள்.

முதல் பொட்டலத்தை நான் இருக்கும்போதே கொடுத்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்து அவனுடைய நோட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். அவன் தலைமாட்டிலிருந்து எடுத்தது. இரண்டாவது கொடுத்த பிறகு வெளியே வந்து நின்றாள்.

"சாரே, அப்பனுக்கு உதடு கறுத்துப்போச்சு. வெரலெல்லாம் நீலமாட்டு இருக்கு. மூணாவதும் குடுக்கட்டா? இல்ல புஷ்பபாய் அக்காவ விளிக்கட்டா?"

அந்த நேரத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது என்று நீங்கள் எழுத விரும்பலாம். எழுதுங்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"அது சுரம் இறங்குகிற அடையாளம். கொடு" என்றேன்.

அவள் கொடுத்தாள். நாலாவதை எடுக்கும் அவசியம் வரவில்லை. நோட்டை நான் எடுத்துக்கொண்டேன். அது பள்ளிக்கூடத்து ஆவணம். அவள் அழுதுகொண்டே என் காலைத் தொட்டாள், கடைசிவரைக்கும் கூட இருந்ததற்காக.

பாலையன் விடவில்லை. தாசையனையும் கொடி போர்த்திக் கொண்டுபோனான். தாசையன் உயிரோடு இருந்தபோது, தாலுகா எந்தப் பக்கம் போனாலும் தனக்குக் கழுவ வேண்டிய குப்பி ஒன்றுதான் என்பான். அவன் பெயரில் ஒரு முடுக்குச் சந்துக்குப் பலகை வைத்தார்கள். துலாமாசத்தில் எல்லை போட்டார்கள். விளவங்கோடு தாலுகா சென்னைப் பக்கம், நம்முடைய நெய்யாற்றின்கரை மலையாளப் பக்கம். பலகையை அடுத்த வாரமே யாரோ எடுத்து ஆட்டுக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டார்கள். எனக்குச் சொன்ன கல்லூரியைப் பற்றியும் பாலையன் பிறகு பேசவில்லை.

புஷ்பபாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. மிஞ்சிய பொட்டலங்களை யாருக்கும் சொல்லாமல் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினாள். அரசாங்க இரசாயனப் பரிசோதகரின் அறிக்கை வந்தது. பொட்டலம் கொடுத்தவன் என்று பாலையனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். நேற்று அந்த அறிக்கையின் நகல் சபை போதகர் கைக்கு வந்தது, நானும் வாசித்தேன். அதனால்தான் வந்தேன்.

அதில் இப்படி எழுதியிருக்கிறது: மேற்படி பொடி பழைய அனிலின் முறையில், கைப்பழக்கம் இல்லாத ஒருவரால், சரியாகக் கழுவப்படாமல் தயாரிக்கப்பட்டது, செம்பின் தடயம் இல்லை.

ஐயா, இது விஞ்ஞானம் அல்ல. செம்பு வேலையை முடித்தவுடன் விலகிவிடும். அதன் சிறப்பே அதுதான். தடயம் இல்லை என்பது என் முறை எவ்வளவு சுத்தமானது என்பதற்குத்தான் சாட்சி. பரிசோதகர் இதை யோசித்திருக்க வேண்டும். அதைவிட, அறிக்கையைப் படிக்கிறவர்கள் அந்தப் பொடியைப் பாலையன் செய்ததாக நினைத்துக்கொள்வார்கள். பாலையன் நாலாம் வகுப்பு. அவனுக்கு அமைடு என்று எழுதக்கூடத் தெரியாது. அவனை விட்டுவிடுங்கள். அவன் வாங்கிக் கொடுத்தவன், அவ்வளவுதான்.

நாலு பேரையும் கொன்றது நான். எலியாவை மட்டும் தெரியாமல். அடுத்த இருவரையும் தெரிந்த பிறகு. தாசையனை வேண்டுமென்றே, அவன் மகள் கையால். இதில் ஒரு சொல்லையும் குறைக்க வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அறிக்கையில் 'கைப்பழக்கம் இல்லாத ஒருவரால்' என்ற இடத்தை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் நாளைக்கு இதை வாசிப்பார்கள். சொல்லிக் கொடுத்த சாரைப் பற்றி அவர்கள் மட்டமாக நினைத்துவிடக் கூடாதல்லவா?